சிலுவைப் போருக்குப் போன பிரபுவின் வரவு செலவு

ஆண்டு வருமானம் ஆயிரம் லிவ்ருக்கும் குறைவு. தாயார் உயிரோடு இருந்து தம் பங்கை அனுபவித்து வந்ததால் நிலம் முழுக்க இவர் கைக்கு வந்து சேரவில்லை. கூட்டிப் போக வேண்டியவர்களோ ஒன்பது நைட்டுகள், அதாவது கவசம் பூண்ட குதிரைவீரர்கள். ஒவ்வொருவருக்கும் குதிரை, பணியாள், சாப்பாடு, சம்பளம். 1248-இல் ஏழாம் சிலுவைப் போருக்குக் கிளம்பிய ழான் தெ ழுவான்வில் என்ற பிரெஞ்சுப் பிரபுவின் நிலைமை இது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றோ இருபத்து நான்கோதான்.

முந்தைய சிலுவைப் போரின் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டைப் போன்றோ சுல்தான் சலாகுதீனைப் போன்றோ பெயர் வாங்கியவரில்லை இவர். கிழக்கு பிரான்சில் ஷாம்பேன் பகுதியின் செனஷல். அதாவது அங்கே ஆண்ட கோமகனின் அரண்மனை நிர்வாகத்துக்குப் பரம்பரைப் பொறுப்பாளர். முதுமையில் தம் அரசர் ஒன்பதாம் லூயியைப் பற்றி நினைவிலிருந்து சொல்லி எழுதவைத்தார். 1309-இல் அது முடிந்தது. மற்றவர்கள் வெற்றியையும் தெய்வச் செயலையும் எழுதிக்கொண்டிருக்க, இவர் பன்றி விலையையும் எழுதிவைத்தார். ஒரு பிரபு எப்படி வாழ்ந்தார் என்று கேட்பவருக்கு இவரைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

பணக்கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிவ்ருக்கு 20 சூ. ஒரு சூவுக்கு 12 தெனியே. ஆக ஒரு லிவ்ரு என்பது 240 தெனியே. அன்றைக்கு லிவ்ரு என்று ஒரு நாணயமே கிடையாது, அது ஏட்டில் மட்டும் இருந்த கணக்குப் பணம். சந்தையில் கைமாறியது தெனியே என்ற சிறு காசு.

கிளம்புவதற்கு முன் முதல் வேலை, பாக்கி தீர்ப்பது. 1248 ஈஸ்டர் வாரத்தில் தம் குடியாட்களையும் மானியதாரர்களையும் கோட்டைக்கு அழைத்தார். அந்த ஈஸ்டரை ஒட்டித்தான் மகனும் பிறந்திருந்தான். வியாழன் வரை விருந்து, ஆட்டம். வெள்ளிக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, நான் கடல் கடந்து போகிறேன், திரும்புவேனா தெரியாது, யாருக்காவது நான் தீங்கு செய்திருந்தால் சொல்லுங்கள், ஈடு செய்கிறேன் என்றார். தாம் அங்கே இருந்தால் வாய் திறக்கமாட்டார்கள் என்று ஆலோசனையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார். அவர்கள் முடிவுசெய்ததை மறுபேச்சில்லாமல் ஏற்றார். இதைப் பக்தி என்று மட்டும் படிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் நிர்வாகமும் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் ஊரில் இருக்கப்போவதில்லை. கோட்டையில் இருப்பதோ பிள்ளை பெற்ற மனைவியும் வயதான தாயும். மனத்தாங்கலோடு ஒருவனை விட்டுப்போனால் அது வழக்காகவோ கைகலப்பாகவோ வந்து முளைக்கும்.

அடுத்தது கடன். மெஸ் நகருக்குப் போய் நிலத்தில் பெரும்பகுதியை அடமானம் வைத்தார். பிறரிடமிருந்து முறைகேடாக வந்த ஒரு காசைக்கூடக் கொண்டுபோக விரும்பவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். உண்மையும் அதுதான் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடமானம் வைக்காமல் ஒன்பது நைட்டுகளைக் கடல் கடத்த அவரால் முடிந்திருக்காது.

கப்பலைத் தனியாக அமர்த்த வசதியில்லை. சார்ப்ரூக்கன் பிரபுவான உறவினரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பேசினார். அவர்கள் இருவரையும் சேர்த்து, பக்கத்துக்குப் பத்தாக இருபது நைட்டுகள். சாமான்கள் வண்டியில் ஒக்ஸோன் வரை போய், அங்கிருந்து படகில் சோன் ஆற்றில் லியோன், பிறகு ரோன் ஆற்றில் ஆர்ல் என்று நீரோட்டத்தோடு இறங்கின. பெரிய போர்க்குதிரைகளைப் படகுகளுக்குப் பக்கத்திலேயே கரையோரமாக நடத்திச் சென்றார்கள்.

குதிரையைக் கப்பலேற்றுவதுதான் இந்தப் பயணத்தின் சிரமமான கட்டம். மார்செய் துறையில் கப்பலின் உடலிலேயே ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்து குதிரைகளை உள்ளே நடத்தி, பிறகு சாத்தி, இடுக்குகளில் நாரைத் திணித்துக் கீல் பூசி அடைத்தார்கள். ஏனென்றால் பாரம் ஏறிக் கடலுக்குள் போனதும் அந்தக் கதவு முழுக்க நீருக்கடியில் போய்விடும். அடைப்பு சரியில்லை என்றால் முதலில் மூழ்குவது குதிரைத் தளம். உள்ளே குதிரையின் வயிற்றுக்கடியில் அகலமான பட்டையைக் கொடுத்து மேலே கட்டுவது அக்கால வழக்கம். கப்பல் ஆடும்போது கால் வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும், முறிந்த குதிரை எதற்கும் ஆகாது. ஒரு குதிரைக்கு நாளுக்குச் சுமார் 30 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். இருபது குதிரை என்றால் ஒரு நாளைக்கு 600 லிட்டர். தீனியைவிடத் தண்ணீர்ப் பீப்பாய்தான் இடத்தை அடைக்கும். வாரக்கணக்கில் நின்றபடியே வந்த குதிரை இறங்கியதும் ஓடாது. சில நாள் நடக்கவிட்டுத்தான் சேணம் போட முடியும்.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் குதிரைக் கவலை புதிதல்ல. பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தோடு குதிரை வாங்கக் கீழைக் கடற்கரைக்குப் போன மாணிக்கவாசகர் கதையையும், நரி பரியான திருவிளையாடலையும் ஆவணி மூலத்துக்கு ஆவணி மூலம் பார்க்கிறோம். ழுவான்வில்லின் இந்தப் பயணத்துக்குச் சற்றுப் பின்னால், குலசேகர பாண்டியன் ஆட்சியில், அரபுக் குதிரைகள் காயல் துறையில் வந்து இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வாசஃப் சொல்லும் கணக்கு: கீஷ் தீவு வணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒன்றுக்கு விலை 220 பொன் தினார், வழியில் கடலில் செத்துப்போனாலும் அதற்கும் பாண்டியன் கருவூலம் பணம் தரவேண்டும். மார்க்கோ போலோ இன்னொன்றைச் சேர்க்கிறார்: இங்கே குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்தவர்கள் இல்லை, வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகப் போடுகிறார்கள், அதனால் வாங்கியதில் பெரும்பாலானவை ஆண்டுக்குள் செத்துவிடுகின்றன. வணிகருக்கு அதில் நஷ்டம் ஏதுமில்லை. இரண்டு ஏற்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: கடலில் செத்த குதிரை யார் கணக்கில்? பாண்டிய நாட்டில் அது அரசன் தலையில் விழுந்தது. சொந்தச் செலவில் மார்செயில் ஏறிய ழுவான்வில்லுக்கோ அது அவர் தலையிலேயே.

சைப்ரஸில் அரசரின் கிடங்குகள் தயாராக இருந்தன. மதுப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் தூரத்திலிருந்து பார்க்கக் களஞ்சியங்கள் போலத் தெரிந்தன. கோதுமையையும் பார்லியையும் வயல்வெளியில் அம்பாரம் அம்பாரமாகக் கொட்டிவைத்திருந்தார்கள். நெடுநாள் மழையில் மேல்தானியம் முளைத்து அம்பாரமே பச்சைப் புல் மேடாகிவிட்டது. எகிப்துக்குக் கிளம்பும்போது அந்த மேல்தோலை உரித்தார்கள். அடியில் இருந்த தானியம் அப்போதுதான் அடித்தது போலப் புதிதாக இருந்தது. முளைத்த வேர்கள் பின்னிக்கொண்டு மேலே ஒரு கூரையாகி, மழை உள்ளே இறங்காமல் காத்திருக்கிறது.

அரசரின் கிடங்கு நிறைந்திருந்தது. ழுவான்வில்லின் பை காலி. கப்பல் கூலி கொடுத்தபின் அவரிடம் மிஞ்சியது 240 லிவ்ரு. பணத்துக்கு வழி செய்யாவிட்டால் விட்டுப்போய்விடுவோம் என்று நைட்டுகளில் சிலர் நேராகவே சொல்லிவிட்டார்கள். இதில் துரோகம் ஏதுமில்லை. நைட் என்பவன் விசுவாசத்தோடு சம்பளத்துக்கும் வந்தவன். கொடுக்க முடியாத பிரபுவை விட்டு, கொடுக்கக்கூடிய பிரபுவிடம் போகலாம். நிகோசியாவில் இருந்த அரசர் ஆளனுப்பி அழைத்துத் தம் சேவையில் சேர்த்துக்கொண்டு 800 லிவ்ரு கொடுத்தார். அந்த நாளிலிருந்து ழுவான்வில் தம் நைட்டுகளுக்கு முதலாளி, அரசருக்குச் சம்பளக்காரர். போர் முடியும்வரை இந்த இரட்டை நிலைதான். 1248 செப்டம்பரில் வந்து 1249 மே வரை சைப்ரஸிலேயே காத்திருந்ததுதான் இவரைப் போன்ற நடுத்தரப் பிரபுக்களின் பையை வற்றவைத்தது. படை சண்டை போட்டாலும் சும்மா இருந்தாலும் சாப்பாட்டுச் செலவு ஒன்றே.

1249 ஜூன் தொடக்கத்தில் எகிப்தின் டமியெட்டா கரையில் இறங்கினார்கள். சிறு படகில் போய் இறங்கியதும் இவருடைய ஆட்கள் கேடயங்களின் கூர்முனையை மணலில் குத்தி, ஈட்டிகளையும் அடிப்பக்கம் மணலில் ஊன்றி முனையை எதிரி பக்கம் சாய்த்து நின்றார்கள். பாய்ந்துவந்த குதிரைப்படை அந்த முள்வேலியைப் பார்த்துத் திரும்பிவிட்டது. குதிரை இல்லாமல் கரையில் நிற்கும்போது குதிரையைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. நகரம் சண்டையில்லாமலே விழுந்தது.

அதன்பிறகு நடந்த தவறுகளில் ஒன்று எனக்குக் கடைத்தெரு சம்பந்தப்பட்டதாகவே படுகிறது. அரசரின் ஆட்கள் நகரத்துக் கடைகளை வணிகர்களுக்கு மிக அதிக வாடகைக்கு விட்டார்கள். செய்தி பரவியதும் வெளிநாட்டு வணிகர் பலர் சரக்கோடு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். பிரபுக்களோ பின்னால் தேவைப்படும் உணவை முன்னாலேயே விருந்துவைத்துத் தீர்த்தார்கள்.

நைல் நதியின் தண்ணீரைப் பற்றி அவர் எழுதியிருப்பது நம்மவர் யாரோ எழுதியது போலவே இருக்கிறது. பகல் சூட்டில் அந்த ஊர் வெள்ளை மண்பானையில் நீரூற்றிக் கூடாரக் கயிற்றில் தொங்கவிட்டால் ஊற்றுநீர் போலக் குளிர்ந்துவிடும். கலங்கலாக இருந்தால் மாலையில் நான்கு பாதாம் பருப்பையோ நான்கு அவரை விதையையோ நசுக்கிப் போடுவார்கள், காலையில் தெளிந்திருக்கும். புதுவெள்ளம் வரும்போது பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி நம் பாட்டிமார் செய்ததும் இதேதான். விதையில் உள்ள புரதம் போன்ற பொருள்கள் நீரில் மிதக்கும் மண் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படியவைக்கிறது. வண்டல் இறங்கும், கிருமி சாகாது. படையில் வயிற்றுக்கடுப்பு தீராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அரசருக்கே பேதி முற்றி, கால்சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட வேண்டியதாயிற்று.

1250 பிப்ரவரி 8-இல் மன்சூரா சண்டை. ஆற்றின் கிளையைக் கடக்கும் ஆழமற்ற இடத்தைக் காட்ட உள்ளூர் பெதூயின் ஒருவர் வாங்கிய கூலி 500 பெசன்ட் என்ற பொற்காசு. அரசரின் தம்பி ஆர்த்துவா பிரபு காத்திருக்கச் சொன்ன கட்டளையை மீறி ஊருக்குள் பாய்ந்து, தாமும் மாண்டு உடன்போனவர்களையும் மாளவைத்தார். ழுவான்வில் கணக்குப்படி, டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகளின் அமைப்பு மட்டும் இழந்தது 280 குதிரைவீரர். அன்று இவர் ஒரு சிறு பாலத்தைக் காத்து நின்றார். கிடைத்த கேடயம், எதிரி ஒருவனுடைய நார் திணித்த மெத்தைச் சட்டை. அதையே முன்னால் பிடித்துக்கொண்டார். அம்பு இவர் உடலில் ஐந்து இடத்தில் தைத்தது, குதிரை உடலில் பதினைந்து இடத்தில். இரும்பு வளையச் சட்டை வாள் வெட்டைத் தடுக்கும், அடியின் அதிர்ச்சியைத் தடுக்காது. அதனால்தான் உள்ளே மெத்தைச் சட்டை. மூன்று நாள் கழித்து அடுத்த தாக்குதல் வந்தபோது காயங்களின் வலியில் இவராலும் இவர் நைட்டுகளாலும் அந்த வளையச் சட்டையை மாட்டவே முடியவில்லை.

சண்டையைவிட அதிகம் பேரைக் கொன்றது முகாம். காலில் சதை வற்றி, தோல் கருத்துப் புள்ளி விழுந்து, ஈறு அழுகியது. மெல்லவும் விழுங்கவும் முடிய வேண்டும் என்பதற்காக நாவிதர்கள் ஈற்றில் வளர்ந்த அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். அப்போது எழுந்த அலறலைப் பிரசவ வலிக்கு ஒப்பிடுகிறார். தவக்காலத்தில் தின்ற ஆற்றுமீன் பிணம் தின்று வளர்ந்தது, அதனால்தான் இந்த நோய் என்று நம்பினார். அவர் வர்ணிக்கும் அறிகுறிகள் ஸ்கர்வி நோயினுடையவை. பச்சைக் காய்கனி இல்லாமல் மாதக்கணக்கில் இருந்ததன் விளைவு.

எகிப்தியர் ஆற்றுவழியை அடைத்து டமியெட்டாவிலிருந்து வரும் உணவுப் படகுகளைப் பிடித்ததும் விலை ஏறியது. ஈஸ்டர் சமயத்தில் முகாமில் ஒரு மாடு 80 லிவ்ரு, ஆடு 30, பன்றி 30, முட்டை ஒன்று 12 தெனியே. அதாவது ஒரு லிவ்ருக்கு இருபது முட்டை. இவரது சொந்த நிலத்தின் ஆண்டு வருமானம் முழுவதையும் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் பன்னிரண்டு மாடுகளுக்கு மேல் வாங்கியிருக்க முடியாது.

ஏப்ரலில் பின்வாங்கும்போது ஆற்றில் பிடிபட்டார். பிடிபடுமுன் நகைகளையும் புனிதச் சின்னங்களையும் ஆற்றில் எறிந்தார். இவர் அரசரின் உறவினர் என்று உடன் இருந்த ஒருவர் கத்தியதால்தான் உயிர் தப்பியது. மீட்புப்பணம் பெறக்கூடிய கைதியைக் கொல்வது நஷ்டம். அரசருக்கும் படைக்கும் சேர்த்துப் பேசி முடிந்த தொகை 4,00,000 லிவ்ரு, அதில் பாதியை ஆற்றை விட்டுப் போகுமுன் கட்டவேண்டும். காசை எண்ணவில்லை, தராசில் நிறுத்தார்கள், ஒரு நிறைக்கு 10,000 லிவ்ரு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதற்கே போயின. ஒரு நிறை குறைத்து ஏமாற்றிவிட்டோம் என்று ஒருவர் பெருமை பேச, அரசர் கோபப்பட்டு அதையும் கட்டச் சொன்னார்.

கடைசியில் 30,000 லிவ்ரு குறைந்தது. டெம்ப்ளர்களின் கப்பலில் பணம் இருந்தது, ஆனால் அது பிறர் வைத்த வைப்புத்தொகை, உரியவரைத் தவிர யாருக்கும் தரமாட்டோம் என்று சத்தியம் செய்து வாங்கியது. தளபதி மறுத்தார். பலவந்தமாக எடுத்தால் எங்கள் சத்தியம் முறியாது என்று மார்ஷல் என்ற அவர்களின் படை அதிகாரியே வழி சொன்னார். ழுவான்வில் கப்பலுக்குப் போய், அங்கே கிடந்த ஒரு கோடரியை எடுத்து, இதுவே அரசரின் சாவி என்று பெட்டிமுன் நின்றதும் சாவி வந்துவிட்டது.

அதே அமைப்பிடம் இவரும் ஏமாறப் பார்த்தார். பாலஸ்தீனக் கரையில் உள்ள அக்கோ நகருக்கு வந்து சேர்ந்ததும் சம்பளமாக 400 லிவ்ரு கிடைத்தது. 40-ஐச் செலவுக்கு வைத்துக்கொண்டு 360-ஐ டெம்ப்ளர்களிடம் போட்டுவைத்தார். கொஞ்சம் எடுக்க ஆளனுப்பியபோது, இவர் பணம் எதுவும் இங்கே இல்லை, இவரையே தெரியாது என்றார் பொறுப்பாளர். ரசீது ஏதும் காட்டியதாக இவர் சொல்லவில்லை. தலைவரிடம் முறையிட்டும் முதலில் பலனில்லை. நான்கு நாள் கழித்து அவரே சிரித்துக்கொண்டு வந்து பணம் கிடைத்துவிட்டது என்றார். பொறுப்பாளரை வேறு ஊருக்கு மாற்றியாயிற்று. ஆள் மாற்றல் என்ற தீர்வுக்கு வயது எழுநூறுக்கும் மேல்.

1250 கோடையில் பெரும்பாலான பிரபுக்கள் ஊர் திரும்பக் கப்பலேறினார்கள். அரசர் தங்கினார், இவரும் தங்கினார். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பேசிய சம்பளம் 2,000 லிவ்ரு. அதிகம் கேட்கிறார் என்று அரசரின் ஆட்கள் சொல்ல, இவர் கணக்கை விரித்தார்: தனிக்கொடி பிடிக்கும் உரிமையுள்ள மூன்று நைட்டுகளுக்குத் தலைக்கு 400 வீதம் 1,200. தமக்குக் குதிரையும் கவசமும் புதிதாக வாங்க, எல்லோருக்கும் சாப்பாடு போட 800. அரசர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, இதில் மிகையில்லை என்றார். சாப்பாடுதான் பேரத்தின் மையம்: அரசர் வீட்டுப் பந்தியில் உண்ணும் நைட்டுக்குச் சம்பளம் குறையும், தனிச் சமையல் என்றால் ஏறும்.

மதுரையில் 1251-இல் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் முடிசூடிய நேரத்தில், ழுவான்வில் பாலஸ்தீனக் கரையில் சிசேரியா, யாஃபா என்று அரசர் மதில் கட்டும் இடங்களில் கூடாரம் போட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பில் ஐம்பது நைட்டுகள். வேலைத்திட்டம் எளிது. அக்டோபர் தொடக்கத்தில் குளிர்காலம் முழுமைக்கும் பன்றி, ஆடு, மாவு, மது எல்லாம் வாங்கிவிடுவார். குளிரில் கடல் கொந்தளித்துக் கப்பல் வராது, விலை ஏறும். மது மட்டும் நூறு பீப்பாய். நல்ல சரக்கை முதலில் குடிக்கவைப்பார். வைத்திருந்தால் நல்லதும் புளித்துப்போகும் என்பது என் ஊகம். பணியாட்களின் மதுவில் தண்ணீர் அதிகம், இளைய வீரர்களுடையதில் குறைவு. நைட்டுகளின் முன்னால் ஒரு பெரிய குடுவை மது, ஒரு பெரிய குடுவை தண்ணீர். அவரவர் விருப்பப்படி கலந்துகொள்ளலாம். மரியாதையின் படிநிலையை இவ்வளவு துல்லியமாகத் தண்ணீரால் அளந்தவர் குறைவு. ஒவ்வொரு வேளையும் சொந்த நைட்டுகள் பத்துப் பேரோடு, அந்த ஐம்பதில் பத்துப் பேரைப் பந்திக்கு அழைப்பார். அந்த ஊர் வழக்கப்படி தரையில் பாய் விரித்து எதிரெதிராக உட்கார்ந்து உண்டார்கள். பூசைக்கு இரண்டு குருமார்: ஒருவர் விடியலில், மற்றவர் நைட்டுகள் எழுந்தபின். கட்டிலைக் கூடாரத்துக்குள் நுழைபவர் கண்ணில் படும்படி போட்டிருந்தார். பெண் விஷயத்தில் யாரும் சந்தேகப்படக்கூடாதாம்.

ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க அரசர் என்ன வேண்டும் என்று கேட்டார். பணம் வேண்டாம், ஆண்டு முழுவதும் நான் எதையாவது கேட்டால் நீங்கள் கோபப்படக்கூடாது, நீங்கள் மறுத்தால் நான் கோபப்படமாட்டேன், அதுவே நிபந்தனை என்றார். அரசர் வாய்விட்டுச் சிரித்து ஒப்புக்கொண்டார்.

1254-இல் ஊர் திரும்பியபோது நிலம் நொந்திருந்தது. இவர் இல்லாத ஆண்டுகளில் பிரெஞ்சு அரசரின் சேவகர்களும் ஷாம்பேனின் கோமகனாகவும் இருந்த நவார் அரசரின் சேவகர்களும் இவருடைய குடிகளைக் கசக்கிப் பிழிந்திருந்தார்கள். 1267-இல் லூயி மறுபடி சிலுவைப் போருக்கு உறுதிபூண்டு அழைத்தபோது இதையே காரணமாகச் சொல்லி மறுத்தார்: என் ஆட்களைக் காக்க நான் இங்கே இருப்பதே கடவுளுக்கு விருப்பம். அரசர் போனார், 1270-இல் துனிஸ் கரையில் நோயில் இறந்தார். ழுவான்வில் 1317 வரை வாழ்ந்தார். பிரெஞ்சு அரசர் அழகன் பிலிப் போட்ட வரியை எதிர்த்து 1314-இல் ஷாம்பேன் பிரபுக்கள் கூட்டுச் சேர்ந்தபோது, தொண்ணூறை ஒட்டிய வயதில் இவரும் அதில் இருந்தார்.